அண்ணி செய்த தபால் பெட்டி

எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தைக்கப்பட்ட வேஷம் பெருங்குடல்.

அதற்கு முன் அண்ணிக்குத் தையலில் பெரிய பழக்கம் கிடையாது. பட்டன் அறுந்தால் வைப்பாள், கிழிந்தால் ஒட்டுப் போடுவாள், அத்தோடு சரி. அவள் வேலை பார்த்தது ஒரு ஃபிரிட்ஜ் கடையில். வரிசையாக நிற்கிற ஃபிரிட்ஜ்களைக் காலையில் துடைக்க வேண்டும். ஆள் வந்தால் கதவைத் திறந்து காட்ட வேண்டும். அவர்கள் "யோசிச்சுட்டு வர்றோம்" என்றதும் மூட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை திறந்து மூடியும் உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்கூட இருந்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். அண்ணி நிறையப் பேசுவாள். வாய் ஓய்ந்தால் கை ஓடாது அவளுக்கு.

அண்ணன் மகள் படித்த பள்ளியில் உடலுறுப்பு நாள் என்று ஒன்று வைத்தார்கள். இதயம், மூளை, நுரையீரல் எல்லாம் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர்களின் பிள்ளைகளுக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பக்கம் யாரும் தலைகாட்டியதில்லை. ஆகவே எங்கள் பிள்ளைக்குப் பெருங்குடல் கிடைத்தது. "நாளை மறுநாள் உரிய வேஷத்துடன் வரவும்" என்று நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அண்ணி வாடகைக்கு வேஷம் விடும் கடையில் போய் விசாரித்தாள். அங்கே ராஜா, ராணி, சிப்பாய், புலி, தேவதை இருந்தன. "பெருங்குடலா? அவரு எந்த நாட்டு ராஜா?" என்று கடைக்காரர் கேட்டார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அண்ணி திரும்பி வந்தபோது என் இளஞ்சிவப்பு நைட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அதை நான் நைட்டியாகப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தவை ஒரு மொட்டைக் கத்தரிக்கோல், ஒரு கோணி ஊசி, பிளேடு, ஸ்டேப்ளர், அயர்ன்பாக்ஸ். நைட்டியை நீளவாக்கில் கீறி, குழாயாக மூட்டி, பழைய தலையணையின் பஞ்சை அடைத்தாள். சாண் சாணாகச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கட்டிய இடம் ஒடுங்கி, கட்டாத இடம் புடைத்து, பார்க்கிறவர்களுக்கே வயிற்றைப் பிசைகிற மாதிரி வந்தது. எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதில் மட்டும் குழப்பம். பிள்ளையைத் தரையில் படுக்கவைத்து, அறிவியல் புத்தகத்தை வயிற்றின்மேல் விரித்து, படத்துக்கு நேராக வைத்துத் தைத்துவிட்டாள்.

நிகழ்ச்சியில் இதயம் மேடையேறியதும் அழுதுவிட்டது. நுரையீரலில் ஒரு பலூன் வெடித்தது. எங்கள் பெருங்குடல் நிதானமாக முன்னால் வந்து, "நான் வேலையை நிறுத்தினால் நீங்கள் யாரும் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியாது" என்றது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. வெளியே வரும்போது ஒரு தகப்பனார் அண்ணியை ஓரமாக அழைத்து, "இது எங்கங்க வாங்குனீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடையில் கிடைக்காத வேஷம் என்றால் எங்கள் வீடு என்று ஆகிவிட்டது. இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு சிறுநீரகம் செய்தாள். குழாய் செய்தாள், வெப்பமானி செய்தாள். இலக்கண நாளுக்கு ஒரு முற்றுப்புள்ளி. ஒரு பையன் 'வறட்சி'யாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா கண் கலங்கி வந்து நின்றாள். எங்கள் வீட்டு சோபாவின் ரெக்சின் பத்து வருடமாகத் தானாகவே வெடித்து வெடித்து வறட்சிக்குத் தயாராக இருந்தது. உரித்துப் போர்த்தி அனுப்பினோம். அன்று முதல் நாங்கள் வெறும் கட்டையில் உட்கார்கிறோம்.

எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பது அண்ணியின் பிடிவாதம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளைக் கடையில் தூக்கித்தான் போடுவார்கள். அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டுவருவாள். ஒட்டுவதற்கு மாவுப் பசை. வளைவுக்கு ஒடிந்த குடைக் கம்பி. இன்னொரு விதியும் இருந்தது. "வேஷத்துக்குள்ள இருக்கறவங்க உக்காரணும், அவசரத்துக்குப் போயிட்டு வரணும், மூக்கு அரிச்சா சொறியணும். இந்த மூணும் முடியலைன்னா அது வேஷம் இல்ல, தண்டனை" என்பாள்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பதினான்கு வருடம் ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நின்றான். பிறகு ஒரு நாள், இனி வர வேண்டாம் என்றார்கள். வாசலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினார்கள். அவன் நின்ற இடம் வெறுமையாகத் தெரிந்ததால் அங்கே ஒரு செடித்தொட்டி வைத்தார்கள். அண்ணன் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டான். ஆறடி ஆள். அண்ணி ஒரு நாளைக்கு நாற்பது தடவை "கொஞ்சம் தள்ளுங்க" என்பாள், தள்ளுவான், மறுபடி அங்கேயே நிற்பான். பேச்சு என்று பார்த்தால் "ம்". அதிலேயே ஏற்ற இறக்கம் வைத்திருந்தான். கல்யாணமான பதினாறு வருடத்தில் அவன் முழு வாக்கியமாகப் பேசியதை அண்ணி விரல்விட்டு எண்ணுவாள். கை மிச்சமிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருக்கோடி போஸ்ட்மாஸ்டர் வந்தார். ஒல்லியான மனிதர். எதையாவது நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடப்பார். அன்றைக்கு ஒரு இரும்புத் தகட்டை அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வேஷம் வேணும்மா" என்றார்.

"யாருக்குங்க? பேத்திக்கா?"

"ஆபீசுக்கு."

அண்ணி அவரை உட்காரச் சொன்னாள். அவர் கட்டையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து தபால் பெட்டியைத் தரையோடு தரையாக நசுக்கிவிட்டது. மிஞ்சியது தபால் எடுக்கும் நேரம் எழுதிய அந்தத் தகடு மட்டும். வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார். பதிவேட்டில் பெட்டி இருக்கிறது. தெருவில் இல்லை.

"அப்பவே மேல எழுதிப் போட்டிருக்கலாமே சார்" என்றேன் நான்.

"பெட்டியைப் பத்தின புகாரை அந்தப் பெட்டி மூலமாத்தான் அனுப்பணும். அதுதான் விதி. எந்தப் பெட்டின்னு முத்திரையில தெரியணுமாம்."

"நசுங்கிப்போன பெட்டியில எப்படிப் போடறது?"

"அதைத்தான் மூணு மாசமா யோசிச்சுட்டிருக்கேன்" என்றார்.

அண்ணி அதற்குள் தகட்டை வாங்கி அளவு பார்க்க ஆரம்பித்திருந்தாள். "அட்டையில பெட்டி செஞ்சு குடுத்துடலாம். அதுக்கு எதுக்குங்க உள்ள ஆளு? காத்துல பறக்காம இருக்க ரெண்டு கல்லைத் தூக்கிப் போட்டா போச்சு."

போஸ்ட்மாஸ்டர் தலையை ஆட்டினார். "நடைபாதை நகராட்சியோடது. அதுல கல்லு வைக்கணும்னா அனுமதி வாங்கணும், ஆறு மாசம் ஆகும். மனுஷன் நிக்கறதுக்கு அனுமதி தேவையில்ல. போய் விசாரிச்சுட்டேன்."

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் சமையலறை வாசலைப் பார்த்தோம்.

"ம்" என்றான் அண்ணன்.

அன்று அண்ணி கடைக்கு விடுப்புச் சொன்னாள். நான் ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தேன். மாலையில் வந்து பசைக்கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அட்டையை உருட்டுவது எளிதல்ல. சும்மா வளைத்தால் மடிப்பு விழுந்து பெட்டி சப்பையாகிவிடும். அண்ணி ஈரத்துணியால் உட்பக்கத்தைத் தடவி ஊறவைத்தாள். கரண்டிக் காம்பால் விரற்கடைக்கு ஒரு கோடாக மேலிருந்து கீழே அழுத்தி இழுத்தாள். நூறு கோடுகளுக்கு மேல் இருக்கும். பிறகு தண்ணீர் டிரம்மைச் சுற்றி அணைத்தபோது அட்டை குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டது. பெட்டியின் உச்சிக்கு, பிள்ளை சின்ன வயதில் குளித்த பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்தாள். காற்றுக்கு விளிம்புக்கு அடியில் துளைகள் போட்டாள். தபால் போடும் வாய்க்கு உட்பக்கம், கீழ் விளிம்போடு ஒரு தலையணை உறையைத் தைத்தாள். பின்பக்கம் கதவு, அதற்கு எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள். மூக்கு அரித்தால் சொறிய உள்ளே ஒரு அடிக்கோலை நூலில் தொங்கவிட்டாள். மடக்கு ஸ்டூல் ஒன்றும் வைத்தாள். அண்ணன் அதைப் பார்த்தான், மடக்கி வெளியே வைத்துவிட்டான். உட்கார்ந்து பழக்கமில்லை அவனுக்கு.

சிவப்புக்குத்தான் அலைச்சல். வாசல் கேட்டுக்கு அடித்த பெயின்ட் மிச்சம் அரைப் பெட்டிக்குத்தான் வந்தது. கடைசியில் ஃபிரிட்ஜ் கடையின் தீயணைப்பு வாளிக்குப் பூச வைத்திருந்த டப்பாவைக் கேட்டு வாங்கிவந்தாள். அந்த வாளிகள் இன்றைக்கும் பாதி சிவப்பாகத்தான் இருக்கின்றன.

புதன்கிழமை மாலை போஸ்ட்மாஸ்டர் வந்து பார்த்தார். சுற்றி வந்தார். "விதிப்படி அஞ்சடிதான் இருக்கணும். இது ஆறடிக்கு மேல இருக்கே."

"பெட்டியைச் சின்னதாக்கலாம் சார். அவரை எப்படிச் சின்னதாக்கறது?" என்றாள் அண்ணி.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணனைத் தபால் நிலைய வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். நடந்துதான் வந்தான், வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும் அண்ணியும் எதிர்ப்புறம் ஒரு சைக்கிள் கடை நிழலில் நின்றுகொண்டோம்.

முதல் தபாலைப் போட்டவர் போஸ்ட்மாஸ்டர். மூன்று மாதமாகச் சட்டைப்பையிலேயே வைத்திருந்த புகார்க் கடிதம். 'தபால் பெட்டி முற்றிலும் சேதமடைந்துவிட்டது' என்று எழுதி, அந்தத் தபால் பெட்டியிலேயே போட்டு, பெருமூச்சு விட்டார்.

அவர் உள்ளே போன சற்று நேரத்தில் தெரு திரண்டுவிட்டது. பெட்டி இல்லாமல் மூன்று மாதம் வீட்டில் தேங்கியிருந்த கடிதங்களோடு ஆட்கள் வந்தார்கள். ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை நின்றால் போதும் என்றுதான் அண்ணனை நிறுத்தியிருந்தோம். இப்படி வேலை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு அம்மா கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். பெட்டியின் வாயிலிருந்து ஒரு கை வந்து அந்தக் கடிதத்தை நீட்டியது. அந்த அம்மா கடிதத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "ஐயோ, ஸ்டாம்பு ஒட்டலையா, மன்னிச்சுக்கோங்க" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் நின்றவரிடம், "இப்பத்தான் இந்த இலாகாவே உருப்படுது" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "உங்க அண்ணன் வேலை பாக்கறாரு" என்றாள்.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். பருத்த மனிதர், இடுப்பில் அளவு நாடா. பெட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"உயரமா இருக்கே."

"மழைத் தண்ணி ஏறாம இருக்க சார்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

ஆய்வாளர் அளந்தார், எழுதினார். விரல் மடக்கிப் பெட்டியைத் தட்டினார்.

"ம்" என்றது பெட்டி.

"உள்ள என்ன சத்தம்?"

"உள்ளூர்த் தபால் சார்."

அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு சோதனைக்கென்று தன் பெயருக்கே எழுதி வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து உள்ளே போட்டார். கை வெளியே வந்தது. கடிதத்தைத் திருப்பிப் பிடித்து, ஸ்டாம்பு ஒட்டிய மூலையை ஒரு விரலால் தட்டிக் காட்டியது.

போஸ்ட்மாஸ்டர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஆய்வாளர் கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஸ்டாம்பு போதாது. "இருபத்தெட்டு வருஷமா பெட்டி பாக்கறேன்" என்றார் மெதுவாக. "எல்லாத்துலயும் இதே கடிதத்தைத்தான் போடுவேன். வேணும்னேதான் குறைச்சு ஒட்டறது. ஒரு பெட்டியும் கண்டுபிடிச்சது கிடையாது."

அவர் எழுதிய அறிக்கையை போஸ்ட்மாஸ்டர் பிறகு எங்களுக்குப் படித்துக் காட்டினார். பெட்டி மிகச் சிறந்த நிலையில் உள்ளது. ஆகவே பெட்டி சேதம் என்று வந்த புகார் தள்ளுபடி. புதுப் பெட்டி தேவையில்லை. இவ்வளவு நல்ல பெட்டியைப் பராமரிக்கத் தற்காலிகமாக ஒரு ஆளை நியமித்துக்கொள்ளலாம்.

"என்னங்க சார் இது, கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கே" என்றாள் அண்ணி. "அப்ப இவரு தினமும் நிக்கணுமா?"

"நின்னாத்தானே பெட்டி இருக்கும். பராமரிக்கற வேலையையும் அவருக்கே குடுத்துடறேன்."

ஆக, அண்ணனைப் பராமரிக்க அண்ணன் நியமிக்கப்பட்டான். கையெழுத்துப் போடும்போது அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்ததை நான் பார்த்தேன். வங்கியில் அவனைத் தாண்டிப் போனார்கள். இங்கே அவனிடம் வந்தார்கள்.

கஷ்டமெல்லாம் அண்ணிக்கு. வேஷம் என்றால் ஒரு நாள் தாங்கினால் போதும். இது மாதக்கணக்கில் தாங்க வேண்டும். முதல் தூறலிலேயே பெட்டியின் அடி ஊறி, அண்ணனின் செருப்பு வெளியே தெரிந்தது. அண்ணி புதிதாக ஒன்று உருட்டினாள். மெழுகுவர்த்தியை அட்டையில் அழுத்தித் தேய்த்து, மேலே செய்தித்தாளைப் போட்டு அயர்ன்பாக்ஸால் இழுத்தாள். மெழுகு உருகி அட்டைக்குள் இறங்கியது. அதன்மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் பேனரின் பின்பக்கத்தைச் சிவப்பாக்கிப் போர்த்தினாள். வெயிலுக்கு வேறொன்று, அதில் துளைகள் அதிகம், உட்பக்கம் வெள்ளைத்துணி. எங்கள் கூடத்தில் எந்நேரமும் இரண்டு தபால் பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் பழக்க தோஷத்தில் கடிதத்தைப் போட்டுவிடுவார்கள். காலையில் அதையும் எடுத்துப்போக வேண்டும்.

மதியம் ஃபிரிட்ஜ் கடையில் அரை மணி நேரம் விடுவார்கள். அண்ணி ரொட்டியைத் தாளில் சுற்றி எடுத்துப்போய்ப் பெட்டியின் வாய்வழியாகக் கொடுப்பாள். முதல் வாரத்தில் ஒரு நாள் அப்படிக் கொடுத்துவிட்டு நகரும்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"இன்னிக்கு நாப்பத்திரெண்டு வந்துச்சு. ஒண்ணு ரொம்பக் கனம். உள்ள சாவி இருக்கும்னு நினைக்கறேன்."

அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். மாலையில் என்னிடம் வந்து விரலை மடக்கிக் காட்டினாள். "மூணு வாக்கியம். சேர்ந்தாப்பல."

"என்ன பதில் சொன்னீங்க?"

"எனக்கு வாய் வரல."

மறுநாள் ஊசி நூலைக் கையோடு கொண்டுபோனாள். பெட்டிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, பிரியாத தையலைத் தைக்கிற மாதிரி பாவனை செய்தாள். அவன் பேசினான். தினமும் பேசினான். ஒருத்தர் கடிதத்தைப் போடுவதற்கு முன் முத்தம் கொடுக்கிறார் என்றான். ஒரு பெண் பாதி உள்ளே விட்டு மறுபடி இழுத்துக்கொள்கிறாள், நாலு நாளாக, எதுக்கென்று தெரியவில்லை என்றான். வங்கி வாசலில் வைத்த செடிக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை, போகும் வழியில் நான்தான் விடுகிறேன் என்றான். கல்யாணமான புதிதில் நீ ஜன்னலுக்கு ஒரு திரை தைத்தாயே, அது நன்றாக இருந்தது என்று சொல்ல நினைத்தேன் என்றான்.

"அதைச் சொல்ல பதினாறு வருஷமா?"

"நீ பேசிட்டே இருந்த. நடுவுல எடம் கிடைக்கல."

வீட்டுக்கு வந்தால் மறுபடி "ம்" தான். அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் ஓர் அட்டையை மாட்டி, அதில் ஒரு வாய் வெட்டிப் பார்த்தாள். அண்ணன் அதன் பின்னால் போய் நின்றான். அவன் மகள் வந்து வாய்வழியாகக் கணக்கு நோட்டைப் போட்டாள். ஐந்து நிமிடத்தில் திருத்தி, எங்கே தப்பு என்று விளக்கமும் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். "அப்பாவுக்குக் கணக்கு தெரியுமா?" என்று பிள்ளை என்னிடம் வந்து கேட்டது. எனக்கும் அன்றுதான் தெரியும்.

மழைக்காலம் பாதி கடந்திருந்தபோது அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. அண்ணி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மழைப் பெட்டியை எடுத்தாள். அடியில் ஒரு சாணுக்கு மேல் மடித்து உள்பக்கமாக ஊக்குக் குத்தினாள். அவள் ஐந்தடி. நானும் அன்று டோக்கன் கொடுக்கப் போகவில்லை. சைக்கிள் கடை நிழலில் நின்று பார்த்துக்கொண்டேன். அண்ணி ஒரு நிமிடத்துக்கு மேல் வாயை மூடி நான் கண்டதில்லை. அன்று காலை முழுவதும் பெட்டியிலிருந்து ஒரு சத்தம் இல்லை. கை மட்டும் இரண்டு முறை வெளியே வந்து போனது.

போதாத காலம், அன்றைக்கென்று பார்த்து ஆய்வாளர் வந்தார். தனியாக வரவில்லை. தன் பெட்டியைக் காட்டிப் பெருமைப்பட மேலதிகாரியையும் அழைத்து வந்திருந்தார். கட்டையான, நரைத்த, சிரிக்காத மனிதர்.

ஆய்வாளர் பெட்டியை அணுகினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். நாடாவை எடுத்து அளந்தார். பதிவேட்டைப் புரட்டினார். மறுபடி அளந்தார்.

"முக்கால் அடிக்கு மேல குறையுதே" என்றார்.

போஸ்ட்மாஸ்டர் நெஞ்சோடு அணைத்திருந்த கோப்பை இன்னும் இறுக்கினார். "சார், இரும்பு வெயில்ல விரியும். நீங்க போன தடவை வந்தது நல்ல வெயில். இப்ப மழைக்காலம், சுருங்கியிருக்கு."

இரண்டு அதிகாரிகளும் வானத்தைப் பார்த்தார்கள். மேகமாகத்தான் இருந்தது.

மேலதிகாரி பெட்டியின் அருகே போய்க் குனிந்து வாய்க்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளே அண்ணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு விரற்கடைதான். கண்ணைச் சிமிட்டக்கூடாது என்று இவள் சிமிட்டவில்லை. அவரும் சிமிட்டவில்லை. கடைசியில் அவர் நிமிர்ந்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, "சுருங்கற பெட்டி பொதுமக்களுக்கு ஆகாது. நல்ல இரும்புல ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க" என்றார். அவர் எதைக் கண்டார் என்று எங்களுக்குத் தெரியாது. போகும்போது திரும்பி வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டார். சரியாக ஸ்டாம்பு ஒட்டியிருந்தது.

அன்று மாலை பெட்டியைக் கழற்றியதும் அண்ணி நெடுநேரம் பேசாமல் கட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

"கால் வலிக்குதா அண்ணி?"

"இல்ல. உள்ள இருந்தா யாரும் நம்ம மொகத்தைப் பாக்கறதில்ல. சொல்ல வர்றதை நிதானமா யோசிக்கலாம். நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட யோசிச்சுப் பேசினதில்லைன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

இரும்புப் பெட்டி ஐந்து வாரத்தில் வந்தது. லாரியில் கொண்டுவந்து, எப்படியோ அனுமதி வாங்கி, சிமென்ட் போட்டு நட்டார்கள். சரியாக ஐந்தடி. அண்ணனின் நியமனம் பெட்டியைப் பராமரிக்கத்தான் என்பதால் அவன் வேலை போகவில்லை. ஒரு துணியோடு அதன் பக்கத்தில் நின்றான். பேச்சு மட்டும் நின்றுபோனது. அண்ணி மதியம் ரொட்டியோடு போய்ப் படியில் உட்காருவாள். தைக்க எதுவும் இருக்காது. அவன் துடைத்த இடத்தையே துடைப்பான். தெருவில் பலருக்கும் வருத்தம். இரும்புப் பெட்டி எதையும் திருப்பித் தருவதில்லை, குப்பையைப் போட்டாலும் விழுங்கிவிடுகிறது என்றார்கள்.

அண்ணி தன் பங்குக்கு வீட்டில் ஒரு காரியம் செய்தாள். எதையாவது சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடுவாள். கையில் இருக்கிற தையலை மட்டும் தொடர்வாள். முதல் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு முட்டிக்கொண்டு வரும், உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஒரு நாள் மாலை, "பெட்டிக்குள்ள தொங்கின ஸ்கேலோட நூல் அறுந்துபோச்சு" என்று அவள் பொதுவாகச் சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது தையல் போயிருக்கும்.

"அதை நான்தான் அறுத்தேன்" என்றான் அண்ணன், சமையலறை வாசலிலிருந்து. "ஆடிட்டே இருந்துச்சு. சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் தலை நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் நின்றுவிடும் என்று பயம். இன்னும் ஒரு முப்பது தையல் காத்திருந்தாள். அவன் அந்தச் சாவி விஷயத்தை எடுத்தான். கனமாக ஒரு கடிதம் வந்ததல்லவா, அது யாருக்கு, எதற்காகச் சாவியை அனுப்பியிருப்பார்கள் என்று தான் நினைத்துவைத்திருந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னான். நான் இரவுச் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டுக் கூப்பிடாமலே இருந்தேன்.

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். தோளில் பை, கையில் ஒரு வரைபடம். பெரிய சாலையில் ஒரு பஸ் நிழற்குடை இருப்பதாகப் பதிவேட்டில் இருக்கிறது, சாலையில் காணோம். நாலு தூண், ஒரு கூரை. திறப்புவிழாப் படம்கூட இருக்கிறதாம். எப்படித் தொலைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் பார்வையிட ஆள் வருகிறார்கள்.

அண்ணி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தூணுக்கு நாலு பேர் வேணுமே."

அண்ணன் வாசலைவிட்டு நகர்ந்து முன்னால் வந்தான். "என்னோட காவலுக்கு நின்னவங்க மூணு பேரு வீட்டுல சும்மாதான் நிக்கறாங்க" என்றான். அந்த மனிதரை நேராகப் பார்த்து, "ஆனா நாங்க நடுவுல பேசிக்குவோம். பரவாயில்லையா?" என்று கேட்டான்.

அவர் யோசித்தார். "பஸ் ஸ்டாப்புன்னா பேச்சு இருக்கத்தானேங்க செய்யும்" என்றார்.

மறுநாளே மூன்று பேரும் அளவு கொடுக்க வந்தார்கள். எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கூரையை விரித்துப் பார்க்கக் கூடம் போதவில்லை. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டோம்.